முற்றினால்தான் ஆபரேஷனா?

"கண்புரை நல்லா முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தக் காலத்து டாக்டர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. புரை படிந்த கண் வில்லையை எடுத்துவிட்டால் அன்று சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். 1967இல் சார்லஸ் கெல்மன் புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் வழியைக் கொண்டுவந்தார். இப்போது கதை தலைகீழ்: முற்றிய புரை கல்லாகிவிடும். உடைக்கக் கூடுதல் மீயொலி தேவை. கருவிழியின் உட்புற செல்கள் அடிவாங்கும்.

வயது? மேல்வரம்பே கிடையாது. தொண்ணூறிலும் செய்கிறார்கள். சற்று நேரம் அசையாமல் படுக்க முடிகிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, விழித்திரை நன்றாயிருக்கிறதா என்பதே கேள்வி. பிறவியிலேயே அடர்ந்த புரை என்றால் சில வாரங்களிலேயே அறுவை செய்ய வேண்டும். தாமதித்தால் மூளை பார்க்கக் கற்காமலே போய்விடும்.

புரையே இல்லாமல், கண்ணாடியை வீச மட்டும் வில்லையை மாற்றுவது வேறு விஷயம். முப்பது வயதுக்காரரின் வில்லை தானாகவே வளைந்து கிட்டத்தையும் தூரத்தையும் காட்டும். எந்தச் செயற்கை லென்ஸும் அதற்கு ஈடில்லை. நாற்பதுகளில் அந்த வளைவு குறைந்து வெள்ளெழுத்து வரும்; அதற்குப் பிறகே இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். கிட்டப்பார்வை மிக அதிகமுள்ள இளைஞர்களுக்கு, வில்லையை எடுத்தபின் விழித்திரை பிரியும் அபாயமும் கூடுதல்.