பேக்கேஜில் எழுதாத கணக்கு

சென்னையிலோ கோவையிலோ எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கைக்கு, முதல் நாளோ இரண்டாம் நாளோ ஒரு தாள் வந்துவிடுகிறது. ‘பேக்கேஜ்’ என்று பெயர். அறை வாடகை, டாக்டர் கட்டணம், மயக்க மருந்து, தியேட்டர், மூன்று நாள் தங்கல் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. ஊரையும் மருத்துவமனையையும் அறுவையின் வகையையும் பொறுத்து அது சுமார் மூன்று லட்சத்திலிருந்து ஆறு லட்சம் ரூபாய் வரை போகும். கூட வந்த அப்பாவோ கணவரோ தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா சார்?” என்று கேட்பார். நகையை அடகு வைத்தோ, பி.எஃப். பணத்தை எடுத்தோ வந்திருக்கும் குடும்பம் அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தத் தாளில் இல்லாத செலவுதான் பெரியது. அது வீட்டுக்குப் போன பிறகு தொடங்குகிறது. ஆயுள் முழுக்க நீள்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு அவசியம் வந்துவிட்டது. 2019–21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீட்டில் 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9, 28.2 ஆக இருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டியதில்லை. முழங்கால் தாங்காமல், உறக்கத்தில் மூச்சு அடைத்து, இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்காமல், பட்டினி முதல் ஜிம் வரை எல்லாம் முயன்று தோற்றவர்களுக்குத்தான் இது. சோம்பேறித்தனத்துக்குக் குறுக்குவழி என்று இதை ஏளனம் செய்கிறவர்கள், 130 கிலோ உடம்போடு ஒரு நாள் மின்சார ரயில் படி ஏறிப் பார்த்ததில்லை.

செய்வது என்ன? இன்று அதிகம் நடப்பது ‘ஸ்லீவ்’. இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாகத் தைத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியும் அடங்குகிறது. வெட்டியது வெட்டியதுதான், திரும்பாது. இன்னொன்று ‘பைபாஸ்’. இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதில் சிறுகுடலை நேராகக் கொண்டுபோய் இணைப்பது. 1966ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறையின் வளர்ந்த வடிவம் இது. இரண்டும் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்யப்படுகின்றன. பில்லில் பெரிய பங்கு ஸ்டேப்ளருக்குப் போகிறது. வெட்டிக்கொண்டே தைத்துக்கொண்டும் போகும் கருவி அது. ஒரு ஸ்லீவுக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு தோட்டாக்கள் தேவைப்படும். ஒருமுறை பயன்படுத்தியதை மறுமுறை பயன்படுத்த முடியாது. மிகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில் எந்த ஸ்டேப்ளர் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

காப்பீடு இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் பாலிசியின் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். முன்பெல்லாம் பல நிறுவனங்கள் உடல் பருமன் என்றாலே கதவைச் சாத்தின. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019ல் ஒரே மாதிரியான விதியைக் கொண்டுவந்தது. பாலிசித் தாளில் ‘எக்ஸ்க்ளூஷன் 06’ என்ற எண்ணில் அது இருக்கும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், பிஎம்ஐ 40ஆவது இருக்க வேண்டும். 35ஆக இருந்தால், மற்ற முயற்சிகள் தோற்ற பிறகு இதய நோய், கடுமையான உறக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு போன்ற ஒன்றாவது கூட இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். இந்த 40, 35 என்ற எண்கள் 1991ல் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய மாநாடு வகுத்தவை. 2022ல் உலக அறுவை மருத்துவர் அமைப்புகள் அந்த எல்லையை 35, 30 என்று இறக்கிவிட்டன. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால் 27.5லேயே யோசிக்கலாம் என்றும் சொல்லிவிட்டன. ஆக, கட்டுப்படாத சர்க்கரையோடு பிஎம்ஐ 33 உள்ள ஒருவருக்கு டாக்டர் “செய்யலாம்” என்பார், காப்பீட்டு நிறுவனம் “முடியாது” என்று கடிதம் அனுப்பும். முப்பது ஆண்டுக்கு முந்தைய அளவுகோலை நம் உடம்புக்கு இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. அது மாறும்வரை, முன் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் தேதி குறிக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் உண்டு. 2024ல் அதை நான்கு ஆண்டிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைத்தார்கள். பணமே இல்லாதவர்களுக்கு, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த அறுவை நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆபத்து? 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைத்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் பலர் பயந்து பின்வாங்கியிருப்பார்கள். நல்ல குழுக்களின் கணக்கு வேறு மாதிரி. சுவீடனில் 1987ல் தொடங்கி, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல்லாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தார்கள். ‘எஸ்ஓஎஸ்’ ஆய்வு என்று மருத்துவ உலகம் அதைச் சொல்லும். அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஐந்து பேர். ஆயிரத்தில் இரண்டு மூன்று. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. தையல் கசிவு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது, ரத்தக்கசிவு ஆகியவைதான் உயிருக்கு உலை வைப்பவை. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், இடது தோளில் வலி, நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது இவற்றில் ஒன்று வந்தாலும், “வாயுதான், கஷாயம் குடி” என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவிலும் இருக்கும் மயக்க மருந்து நிபுணர், ஸ்கேன் வசதி இவை இல்லாத இடத்தில் பேக்கேஜ் எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

இனி வீட்டுக் கணக்கு. முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, ஒன்றரை இரண்டு மாதம் ஆனதும் வழக்கமான சாப்பாடு சிறு அளவில். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி இடைவெளி விட்டு, நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். இதெல்லாம் சுலபம். கடினமானது புரதம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு இட்லியில் இருப்பது சுமார் இரண்டு கிராம். இட்லியை மட்டும் நம்பினால் ஒரு நாளைக்கு முப்பது இட்லி. வெட்டிய இரைப்பையில் ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்காது. சோறு, ரசம், இட்லி, உப்புமா என்று ஓடும் நம் வீட்டுச் சாப்பாட்டின் மிகப் பெரிய பலவீனம் இந்த இடத்தில் வெளியே வருகிறது. முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது, நூறு கிராம் பனீரில் பதினெட்டு என்று கணக்குப் போட்டு, தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். சைவக் குடும்பங்களில் பவுடர் இல்லாமல் முதல் ஆண்டு ஒப்பேறாது.

மாத்திரைகள் ஆயுளுக்கும். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம். கால்சியத்தில் சிட்ரேட் வகையைத்தான் எழுதித் தருவார்கள். அமிலம் குறைந்த வயிற்றில் கார்பனேட் சரியாகச் சேராது. மருந்துக்கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று மலிவானதை நீட்டினால் வாங்கக் கூடாது. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பலனில் பாதி போய்விடும். பி12 விஷயத்தில் ஏமாந்துவிட வாய்ப்பு அதிகம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் மாத்திரையை நிறுத்தி ஓராண்டு ஆனாலும் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போகும், மறதி வரும், ரத்தசோகை வரும். அதற்குள் அறுவை செய்துகொண்டதே மறந்துபோய், யாரோ ஒரு டாக்டரிடம் வலி மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வலி மாத்திரையும் ஆபத்து. பைபாஸ் செய்தவர்கள் டைக்ளோஃபெனாக், புரூஃபன் வகைகளைத் தொடக் கூடாது. இணைப்பில் புண் வரும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது தயமின் என்ற பி1. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அறுவைக்குப் பின் விடாமல் வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். கவனிக்காவிட்டால் மூளைப் பாதிப்பு நிலைத்துவிடும். இப்படி ஒருவரைப் பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிப்போனால் ‘களைப்பு’ என்று குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும். எனவே “எனக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருக்கிறது” என்று எழுதிய சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொள்வதும், வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லிவைப்பதும் அவசியம். நம் ஊரில் பலர் இந்த அறுவையை மாமியார் வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மறைக்கிறார்கள். அந்த வெட்கத்தின் விலை உயிராகவும் இருக்கலாம்.

மூன்றாம் மாதம் முடி கொட்டும், பெரும்பாலும் மறுபடி வளரும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் பொறுக்க வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ஏறும். ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மதுப் பிரச்சினை உள்ளவர்கள் அறுவைக்கு முன் 7.6 சதவீதமாக இருந்து, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானார்கள்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். மாத்திரைக்கு மாதம் 1,500 ரூபாய், முதல் ஆண்டில் புரதப் பவுடருக்கு மாதம் 2,500, மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாத ரத்தப் பரிசோதனைகளுக்குத் தலா 5,000. முதல் ஆண்டு 63,000. பிறகு மாத்திரையும் வருடாந்திரப் பரிசோதனையுமாக ஆண்டுக்கு 24,000 என்று வைத்தால், ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 1.6 லட்சம். உணவு ஆலோசகர் கட்டணமும் போக்குவரத்தும் தனி. தொங்கும் தோலைச் சரிசெய்யும் அறுவை இன்னும் சில லட்சம். அதை அழகு சிகிச்சை என்று காப்பீடு தள்ளிவிடும்.

இத்தனைக்கும் பிறகு பலன் உண்டா? உண்டு. சுவீடன் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் 32 சதவீத எடை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதம். அதாவது 120 கிலோக்காரர் 82க்கு வந்து, பின்பு 90ல் நின்றார். அறுவை செய்துகொள்ளாதவர்களைவிட, செய்துகொண்டவர்களின் ஆயுள் சராசரியாக மூன்று ஆண்டு கூடியது. ஆனால் சர்க்கரை நோயிலிருந்து மீண்டவர்கள் இரண்டாம் ஆண்டில் 72 சதவீதம், பத்தாம் ஆண்டில் 36 சதவீதம். பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. ‘சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று பலகை வைக்கும் மருத்துவமனைகள் இரண்டாவது எண்ணையும் சேர்த்து எழுதட்டும். ஸ்லீவ் செய்தவர்களைப் பத்து ஆண்டு கவனித்த பின்லாந்து ஆய்வில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அமிலப் புண், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர் எந்த அறுவை என்று தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேட்காமல் விடக் கூடாது.

எடையைக் குறைக்க ஊசி வந்துவிட்டதே என்பவர்களுக்கும் கணக்கு உண்டு. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோவின் 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த விலையில் வாரம் ஒன்று போட்டால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். நிறுத்தினால் எடை திரும்புகிறது.

அரசு செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அறுவையை இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகள், அதன் பிறகு வேண்டிய ரத்தப் பரிசோதனையையும் மாத்திரையையும் ஆயுள் முழுக்க அதே கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் பேக்கேஜ் தாளோடு ஐந்து ஆண்டுச் செலவுத் தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது தாளுக்குப் பணம் ஒதுக்க முடியாத குடும்பம் தேதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு, “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, கால்சியம் நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அறிக்கையை எடுத்துக்கொண்டு, அறுவை செய்த டாக்டரிடமே போங்கள்.