பெற்ற கொடையைப் பேணுதல்



நமது நாட்டின் வடமத்திய மாகாணத்திலே 1990களிலிருந்து உழவர் குடும்பங்கள் பலவற்றைச் சிறுநீரக நோய் வாட்டி வருகின்றது. நீரிழிவினாலும் உயர் இரத்த அழுத்தத்தினாலும் சிறுநீரகம் பழுதுற்றோர் எல்லா மாகாணங்களிலும் உளர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தவருக்கு உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, செயற்கை முறையால் இரத்தத்தை இடைவிடாது சுத்திகரித்து வருதல். மற்றையது, வேறொருவர் உவந்தளிக்கும் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொள்ளுதல்.

இரண்டாவது வழியைப் பற்றிப் பேசும்போது கொடுத்தவரின் பெருந்தன்மையையும் சத்திரவைத்தியரின் திறமையையும் எல்லோரும் போற்றுகின்றனர். நோயாளி வீடு திரும்பிய பின் அவரைப் பராமரிப்போரைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. ஆயினும், பெற்ற உறுப்பு நிலைப்பதும் நிலையாது போவதும் பெருமளவுக்கு அவர்கள் கையிலேயே இருக்கின்றன. அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

1954 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், யோசப் மரே என்னும் சத்திரவைத்தியர், ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். ரிச்சர்ட் பின்னர் எட்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அவ்விருவரும் ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையர். ஆதலின், வந்த உறுப்பை ரிச்சர்டின் உடல் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது. ஏனையோரின் உடலோ அவ்வாறு ஏற்பதில்லை. நோய்க்கிருமியை எதிர்க்கும் அதே காவற்படை புதிய உறுப்பையும் பகையெனக் கருதித் தாக்குகின்றது. இதனைத் தடுக்கும் பொருட்டு, அக்காவலைத் தளர்த்தும் மருந்துகளை நோயாளி நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும்.

காவலைத் தளர்த்தினால் கிருமிகளுக்கும் வாயில் திறந்துவிடுகின்றது. 1967 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்தியன் பர்னார்ட் என்னும் வைத்தியர், மனித இதயத்தை மற்றொரு மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தினார். இதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி பதினெட்டாம் நாள் மரணமானார். புதிய இதயம் நன்றாகவே துடித்துக்கொண்டிருந்தது. அவர் உயிரைக் கொண்டு சென்றது நுரையீரலிலே பற்றிய கிருமிநோய். மருந்து குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். காவல் தளர்ந்த உடலைக் கிருமி எளிதிற் பற்றும். இவ்விரு ஆபத்துக்களுக்கும் நடுவேதான் வீட்டுப் பராமரிப்பு நடைபெறவேண்டும்.

முதலாவது, மருந்து. டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற குளிசைகளைப் பெரும்பாலும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்திலே கொடுத்தல் வேண்டும். காலை எட்டு மணியென்றால் இரவும் எட்டு மணியே. ஒருவேளை தவறிவிட்டால், அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுத்தலாகாது. வைத்தியசாலையை விசாரித்தே நடக்கவேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிக்கும் நாளிலே, இரத்தம் எடுத்த பின்னரே காலைக் குளிசையை விழுங்கவேண்டும். ஆகவே அதனைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பம்பளிமாசு போன்ற பழங்கள் மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும், அவற்றை விலக்குக. உடல்வலிக்கென்று மருந்துக்கடையிலே கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வன. நாட்டு மூலிகைக் கஷாயங்களையும் வைத்தியரைக் கேளாது கொடுத்தலாகாது.

ஆறு மாதமோ ஓராண்டோ சென்றபின், "இப்பொழுது எனக்கு நல்ல சுகம், இனிக் குளிசை எதற்கு?" என்று நோயாளி சொல்லக்கூடும். மிகவும் ஆபத்தான வேளை இதுவே. அச்சுகம் குளிசையால் வந்த சுகம். உறுப்பு செயற்படும் காலமெல்லாம் மருந்தும் தொடரவேண்டும் என்பதை வீட்டார் அன்போடும் உறுதியோடும் எடுத்துரைத்தல் வேண்டும்.

இரண்டாவது, சுத்தம். நோயாளியைத் தொடுமுன்னும் உணவு சமைக்குமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கொதித்தாறிய நீரையே பருகக் கொடுங்கள். அரைவேக்காட்டு முட்டை, இறைச்சி, காய்ச்சாத பால் ஆகியன வேண்டாம். தோட்டத்து மண்ணைக் கிளறும் வேலையையும் கோழிக்கூடு துப்புரவு செய்வதையும் வேறொருவர் செய்யட்டும்.

இவ்விடத்திலே நம்மவர் வழக்கம் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியாது. ஒருவருக்கு வருத்தமென்று கேள்விப்பட்டால் ஊரும் உறவும் திரண்டு பார்க்க வருவது நமது பண்பு. சிகிச்சை முடிந்த முதற் சில மாதங்களிலே அப்பண்பே பகையாகிவிடலாம். தடிமனோடும் இருமலோடும் வருபவரை வாசலிலேயே மரியாதையாக இருத்திப் பேசி அனுப்புங்கள். பெரியவர்கள் இதனைக் குறையாக எண்ணலாகாது.

மூன்றாவது, கவனிப்பு. புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்திலே வைக்கப்படுகின்றது. அவ்விடத்தில் வலி, சிறுநீர் குறைதல், முகமும் கால்களும் வீங்குதல், உடல் நிறை சடுதியாகக் கூடுதல், இரத்த அழுத்தம் உயர்தல், 38 பாகை செல்சியஸை எட்டும் காய்ச்சல் ஆகிய இவற்றுள் எது தோன்றினும் விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நிறையையும் வெப்பநிலையையும் இரத்த அழுத்தத்தையும் நாள்தோறும் ஒரு கொப்பியிலே எழுதி வருதல் நன்று. எந்த அறிகுறியும் காட்டாமலே நிராகரிப்பு தொடங்குவதும் உண்டு. அதனை இரத்தப் பரிசோதனையே காட்டித்தரும். ஆதலால் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.

கொடுத்தவரையும் மறந்துவிடலாகாது. மகனுக்குச் சிறுநீரகம் ஈந்த தாய், தன் காயம் ஆறுமுன்பே அவனுக்குக் கஞ்சி காய்ச்ச எழுந்து நிற்பதைப் பல வீடுகளிலே காணலாம். அவரும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவரே. சில வாரங்களுக்கு அவர் பாரம் தூக்கலாகாது. ஆண்டுதோறும் தமது இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

உறவினரிடம் பொருத்தமான உறுப்பு கிடையாதவர்களோ மரணித்தவரின் கொடையையே எதிர்பார்த்திருக்கின்றனர். மூளை முற்றாகச் செயலிழந்துவிட்டால் சுவாசம் இயந்திரத்தினாலேயே நடைபெறும். இதயம் மட்டும் சிறிது காலம் துடிக்கும். இது மயக்கநிலையன்று, மீளமுடியாத மரணம். வைத்தியர்கள் முறைப்படி சோதித்து அதனை உறுதிசெய்த பின்னரே உறுப்புக்கள் பெறப்படுகின்றன. நமது நாட்டிலே 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. 1961 ஆம் ஆண்டிலே வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தான இயக்கத்தின் வாயிலாக, இலங்கையர் ஈந்த கண்கள் பிறநாட்டவர் பலருக்கும் பார்வை அளித்துள்ளன. கண்ணை மனமுவந்து ஈந்த மக்களுக்கு ஏனைய உறுப்புக்களை ஈவதும் இயலாததன்று.

ஆனால் அந்த முடிவைக் கேட்கும் வேளை, குடும்பம் துயரத்திலே மூழ்கியிருக்கும் வேளை. இறந்தவரின் விருப்பம் தெரியாதபோது பிள்ளைகள் தயங்குவது இயல்பே. ஆகவே உங்கள் விருப்பம் எதுவாயினும், சுகமாயிருக்கும் இந்நாளிலேயே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். பெற்றவர் வீட்டாரோ, நாள்தோறும் குறித்த மணிக்கு அந்தக் குளிசையை எடுத்துக் கொடுங்கள். கொடுத்தவருக்கு நீங்கள் செலுத்தும் நன்றி அதுவே.