கல்வியும் பாலினமும் படிக்க ஆசையா? விண்ணப்பம் உங்கள் வகுப்பறையிலேயே தொடங்குகிறது!

பள்ளி ஆண்டு விழா. காலை ஏழு மணிக்கே மைதானம் பரபரப்பாகிவிடும். நாற்காலி தூக்கிவர, மைக் செட்காரருக்கு ஒயர் இழுத்துக்கொடுக்க, தோரணம் கட்ட எல்லாம் பையன்கள். வாசலில் கோலம் போட, பன்னீர் தெளிக்க, சந்தனக் கிண்ணத்தோடு நிற்க, சிறப்பு விருந்தினருக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்க எல்லாம் பெண் பிள்ளைகள். இப்படிப் பிரிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும், யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இதைப் பார்த்துப் பழகிப்போன ஆசிரியர்கள் உண்டு. ‘அது ஏன் இப்படி?’ என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பவர்களும் உண்டு. அப்படி யோசிப்பவர்களுக்கென்றே முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. கல்வியியல், மகளிரியல், பாலினவியல் என்று வெவ்வேறு பெயர்களில் அவை நடக்கின்றன. ஆனால், ‘எங்கே அப்ளை பண்ணுவது, அதில் என்ன எழுதுவது, வீட்டில் என்ன சொல்வது’ என்ற மூன்று கேள்விகளில் பலரின் ஆசை அப்படியே நின்றுவிடுகிறது.

எங்கிருந்து வந்தது இந்தப் படிப்பு?

இந்தியப் பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு 1971-ல் ஒரு குழுவை அமைத்தது. ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அதன் அறிக்கை 1974-ல் வெளியானது. சுதந்திரம் கிடைத்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் பெண்களின் நிலை எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை என்று அது எடுத்துச் சொன்னது. அதே 1974-ல் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில், நீரா தேசாய் முயற்சியில் மகளிரியல் ஆய்வுப் பிரிவு தொடங்கியது. 1986-ம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை, மகளிரியலைப் பல படிப்புகளின் பகுதியாக வளர்க்க வேண்டும் என்றது. அதன் பிறகு பல்கலைக்கழகங்களில் மகளிரியல் மையங்கள் பெருகின.

தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது. குழந்தைத் திருமணம் நடந்து, சிறு வயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தி, அவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். ஒரு பெண்ணின் வாழ்க்கை மாற வேண்டுமானால் பள்ளிக்கூடம் எப்படி மாற வேண்டும் என்று அவர் தேடிய விடைதான், இன்று ஒரு பாடமாக வளர்ந்திருக்கிறது.

பி.எட். படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. இரண்டு ஆண்டு பி.எட். பாடத்திட்டத்தில் ‘பாலினம், பள்ளி, சமூகம்’ என்று ஒரு தாளே இருக்கிறது. தேர்வுக்காகப் படித்து மறந்த அந்தத் தாளை, இரண்டு வருடம் ஆற அமரப் படிக்கும் வாய்ப்பு என்று இந்த எம்.ஏ-வைச் சொல்லலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் ஒரு விஷயம். இரண்டையும் ஒரே பட்டத்தின் பெயரில் சேர்த்துத் தரும் இடங்கள் குறைவு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் கல்வி நிறுவனத்தில் ‘கல்வி, பாலினம், சர்வதேச வளர்ச்சி’ என்ற பெயரில் எம்.ஏ. நடத்தியிருக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் இரண்டில் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், ஆய்வுக் கட்டுரையில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மகளிரியல் கதவு என்றால், கொடைக்கானலில் 1984-ல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, புதுவைப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் மகளிரியலுக்குத் தனித் துறை அல்லது மையம் இருக்கிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் மகளிரியல் எம்.ஏ. உண்டு. பெரும்பாலான இடங்களில் எந்த டிகிரி முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். கல்வியியல் கதவு என்றால், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆண்டு எம்.ஏ. பலரும் விரும்பும் ஒன்று.

வீட்டை, குழந்தையை விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியில் மகளிர் மற்றும் பாலினவியல் எம்.ஏ., கல்வியியல் எம்.ஏ. இரண்டையும் நடத்துகிறது.

வேலை விஷயத்தில் தெளிவு வேண்டும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணிக்கு, பள்ளியில் நடத்தப்படும் பாடத்திலேயே முதுகலைப் பட்டம் கேட்பார்கள். மகளிரியல் எம்.ஏ-வை வைத்துக்கொண்டு அந்தப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் சேர்ந்து பிறகு வருந்துவதைவிட, முன்பே தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. அதற்குப் பதில் வேறு பாதைகள் உண்டு. யு.ஜி.சி. நெட் தேர்வில் மகளிரியல், கல்வியியல் இரண்டும் தனித்தனிப் பாடங்கள். நெட் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கல்விக்காகவும் பெண்களுக்காகவும் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்கள் ஆகியவற்றிலும் இந்தப் படிப்பு கைகொடுக்கும்.

அந்த இரண்டு பக்கம்!

மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தும் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விதான் அது. வெளிநாட்டு விண்ணப்பங்களில் இது ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்று இரண்டு பக்கக் கட்டுரையாக வரும். இங்கே எழுத்துத் தேர்விலோ, இன்டர்வியூவிலோ வரும்.

இதற்கு வழக்கமாக எழுதப்படும் பதில் எப்படி இருக்கும்? ‘பெண் கல்வி நாட்டின் முன்னேற்றத்துக்கு மிக அவசியம். சிறு வயதிலிருந்தே சமூக சேவையில் எனக்கு ஆர்வம் அதிகம். பெண்களின் முன்னேற்றத்துக்காக உழைப்பதே என் லட்சியம்.’ இதில் ஒரு வரிகூடத் தவறு இல்லை. ஆனால், ஒரு வரிகூட எழுதியவருக்கு மட்டுமே சொந்தமானதும் இல்லை. இதே மூன்று வரிகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

இப்போது ஓர் உதாரணத்துக்கு, பி.எஸ்சி., பி.எட். முடித்து ஒரு பள்ளியில் இரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த 24 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்: ‘என் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முதல் ஐந்து இடங்களில் நான்கு பேர் மாணவிகள். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவில் சேர்ந்தது அவர்களில் ஒருவர்தான். அந்தப் பிரிவு பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருந்தது. மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் கடைசி பஸ்ஸும் போய்விடும். மற்ற மூவருக்கும் கணக்கு பிடிக்காமல் போனதா, பஸ் இல்லாமல் போனதா? இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.’

இந்த இரண்டாவது பதிலில் ஒரு வகுப்பறை இருக்கிறது, ஒரு கேள்வி இருக்கிறது. பதில் தெரியாது என்ற நேர்மையும் இருக்கிறது. பதில் முன்பே தெரிந்தவருக்குப் படிப்பு எதற்கு?

எழுத உட்காரும்முன் நான்கு கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதிப் பாருங்கள்.

நான் நேரில் பார்த்தது என்ன? (கேள்விப்பட்டது வேண்டாம்.)

அதில் எனக்குப் புரியாதது எது?

அதைப் புரிந்துகொள்ள இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் உதவும்? (பாடத்திட்டத்தை இணையத்தில் இறக்கிப் படியுங்கள்.)

படித்து முடித்து எங்கே திரும்பி வருவேன்?

முதல் பிரதியைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் தெளிவாக யோசித்ததை ஆங்கிலத்தில் கொண்டுவருவது, ஆங்கிலத்தில் யோசிக்கத் திணறுவதைவிட எளிது. பிரவுசிங் சென்டரில் கிடைக்கும் ரெடிமேட் மாதிரியும், செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பளபளப்பான கட்டுரையும் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்குத் தாங்காது.

கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு உடல்நலமின்மை என்று நான்கைந்து வருட இடைவெளி விழுந்திருக்கிறதா? அதை மறைக்க வேண்டாம், அழவும் வேண்டாம். என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று இரண்டு வரி போதும். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அந்த இடைவெளியே ஓர் அனுபவம்தான்.

இனிஷியல் சிக்கல்

பெண்கள் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்ளும் இன்னோர் இடம், பெயர். மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்கவே வாரங்கள் ஓடிவிடும். விண்ணப்பிக்க நினைத்த நாளிலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். வெளிநாட்டுக்கு என்றால் பல்கலைக்கழகத்திடமிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கவும் நேரம் பிடிக்கும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் பேராசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். ‘மேடம், ஒரு லெட்டர் வேணும்’ என்று மட்டும் கேட்டால் பொதுவான கடிதம்தான் கிடைக்கும். நீங்கள் செய்த புராஜெக்ட், நடத்திய வகுப்பு, எழுதியிருக்கும் கட்டுரை ஆகியவற்றை அவரிடம் கொடுத்துக் கேட்டால், கடிதத்தில் நீங்கள் தெரிவீர்கள்.

தேதிகளில் கவனம் வேண்டும். டாடா நிறுவனத்தின் எம்.ஏ. சேர்க்கை அண்மைக் காலத்தில் கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வு மார்ச் வாக்கில் வந்துவிடுவதால், டிசம்பரிலிருந்தே அறிவிப்பைப் பார்த்துவர வேண்டும். கடைசி செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

பணத்துக்கு என்ன வழி?

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு அந்த உதவி முடிந்துவிடுகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம், தேசிய அளவில் 28.4. கல்லூரி வாசல்வரை பெண்களைக் கொண்டுவந்து சேர்த்த மாநிலத்தில், ‘டிகிரி முடிஞ்சிடுச்சு, போதும்’ என்ற குரல் பல வீடுகளில் கேட்பது முதுகலை வாசலில்தான்.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டண உதவி தருகிறது. யு.ஜி.சி-யின் முதுகலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகைக்கு நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம். வெளிநாடு செல்ல நினைக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு பணி அனுபவம் தேவை. படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகள் இங்கே இருக்க வேண்டும்.

வீட்டில் நடக்கும் இன்டர்வியூ

எல்லாவற்றையும்விடக் கடினமான இன்டர்வியூ வீட்டு ஹாலில் நடக்கும். ‘பி.எட். முடிச்சாச்சு, இன்னும் எதுக்கும்மா படிப்பு?’, ‘நீ இன்னும் படிச்சா, உன்னைவிட அதிகம் படிச்ச மாப்பிள்ளையை நாங்க எங்க போய்த் தேடுறது?’ இந்தக் கேள்விகளுக்குக் கோபத்தில் பதில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரே ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு பேசிப் பாருங்கள். இரண்டு வருடக் கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு கிடைக்கலாம், முடித்தால் எந்தெந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது. ‘முடியாது’ என்பதையும் மறைக்காமல் சொல்லும்போது, மற்றவற்றை அப்பா நம்புவார். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். பல வீடுகளில், தான் படிக்க நினைத்து முடியாமல் போன ஒரு படிப்பு அம்மாவிடம் இருக்கும். ‘நீ எதும்மா படிக்க ஆசைப்பட்டே?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலே உங்கள் கட்டுரையின் முதல் பத்தியாக அமையலாம்.

உடனே ‘சரி’ என்று சொல்லாத வீடுகளும் இருக்கும். அப்போது இக்னோவில் சேர்ந்து வேலையோடு படிக்கலாம், அல்லது அடுத்த ஆண்டுக்கு இப்போதிருந்தே தயாராகலாம். அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டே இருங்கள். உங்கள் பள்ளியில் யார் முன்பெஞ்சில் உட்காருகிறார்கள், லேபில் யார் கருவியைத் தொடுகிறார்கள், யார் ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதித் தருகிறார்கள்?

அடுத்த ஆண்டு விழாவிலும் சந்தனக் கிண்ணத்தை யாராவது ஒருவர் பிடிக்கத்தான் வேண்டும். அதை ஒரு பையன் கையில் கொடுத்துப் பாருங்கள். மைதானத்தில் என்ன நடக்கிறது என்று அன்று இரவே எழுதிவையுங்கள். உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கம் அப்போதே தயாராகிவிடும்.