கடைத் தராசும் கைப்பட்டியும்

வருடத்துக்கொரு முறை தராசையும் படிக்கற்களையும் கொண்டுபோய், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரையைக் குத்திக்கொண்டு வருவது எமது வியாபாரிகளுக்குப் பழகிப்போன காரியம். முத்திரையில்லாத தராசில் நிறுத்து விற்பது சட்டப்படி குற்றம். சட்டம் வருவதற்கு முன்பே, அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரிக்கவென்று அல்குர்ஆனில் தனியொரு அத்தியாயம் இருப்பதைச் சிறு பராயத்திலேயே ஓதிப் படித்தவர்கள் நாம். அப்படிப்பட்ட எமது கடைகளில் இப்போது புதுவிதமான தராசொன்று விற்பனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது அரிசியையோ சீனியையோ நிறுப்பதில்லை. மனிதனின் இரத்த நாளத்தை நிறுக்கிறது.

புஜத்தில் பட்டியைச் சுற்றி, பொத்தானை அழுத்தினால் தானாகவே காற்றை நிரப்பி, தானாகவே இறக்கி, இரண்டு இலக்கங்களைக் காட்டும் பிரஷர் மெஷினைத்தான் சொல்கிறேன். கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியால் குண்டசாலை, பல்லேகல, பலகொல்ல, திகண என்று போனால் பார்மசிகளின் கண்ணாடி அலுமாரிகளில் இதைக் காணலாம். கைத்தொழில் பேட்டையும், மாகாண சபை அலுவலகங்களும், 2009இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானமும் இருப்பதால் பல்லேகலயில் நாளாந்தம் ஆயிரக்கணக்கான மாதச் சம்பளக்காரர்கள் வந்து போகிறார்கள். சரக்கு விற்பனையாகிறது. பத்தாயிரம் ரூபாவுக்குக் குறைந்த விலையிலும் உண்டு, இருபதாயிரத்துக்கு மேலும் உண்டு. எதற்காக இந்த வித்தியாசம் என்று கேட்டால் கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்குப் பதில் தெரிவதில்லை. முதலாளிக்கும் தெரிவதில்லை. தராசென்றால் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கலாம். இதில் எதை வைத்துப் பார்ப்பது?

விற்பதைப் பற்றிப் பேசுமுன், எமது கையில் கட்டிப் பார்ப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. திகணப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். 51 வயது. ஒருநாள் காலை கடைக் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே பாரிசவாதம் தாக்கியது. உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பேச்சு ஓரளவுக்குத் திரும்ப எட்டு மாதம் சென்றது. யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார், கொழும்பு மொத்த வியாபாரியிடம் எந்தத் திகதிக் காசோலை இருக்கிறது என்ற விபரமெல்லாம் அவருடைய தலைக்குள் மட்டுமே இருந்தன. மகனுக்கு எதுவும் தெரியாது. இரண்டு காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பி வந்தன. பிறகு கடனுக்குச் சரக்குத் தருவதையே மொத்த வியாபாரிகள் நிறுத்திவிட்டார்கள். “வாப்பாவுக்குத் தலையிடி கூட வந்ததில்லை” என்று அந்த மகன் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையாக இருக்கலாம். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

2021இல் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. எமது கடைத்தெருவில் மூன்று கடைக்கு ஒரு முதலாளி என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்களின் வரவு குறைவென்பது சுகாதாரத் துறையினரின் நீண்ட நாள் குறை. காரணம் தேட வேண்டியதில்லை. காலை நேரத்தில் கடையை விட்டுவிட்டுப் போக எந்த வியாபாரிக்கும் மனம் வராது. 2018 மார்ச்சில் திகண, தெல்தெனியப் பகுதிகளில் கடையை எரியக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி மீண்டும் எழுந்து, கொரோனாவையும் 2022இன் டொலர் நெருக்கடியையும் தாங்கிய மனிதர்களிடம் போய் “கொஞ்சம் ஓய்வெடுங்கள்” என்றால் சிரிப்பார்கள். அளவியை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி.

அப்படிக் கொண்டுபோனால் பலன் உண்டா என்பதை எமது நாடும் சேர்ந்தே சோதித்துப் பார்த்திருக்கிறது. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளிலும் நாட்டுக்குப் பத்தாக 30 கிராமப்புறப் பகுதிகளைத் தெரிந்து, 40 வயதும் அதற்கு மேலுமான 2645 அழுத்த நோயாளிகளை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த பேராசிரியர் தஸீன் ஜாஃபரின் தலைமையில் நடந்த இவ்வாய்வில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் பங்குகொண்டது. பாதிப் பகுதிகளில் அரச சுகாதாரப் பணியாளர்கள், எமது நாட்டில் பொதுச் சுகாதார மருத்துவ மாதுகள், தானியங்கி மெஷினோடு வீடு வீடாகச் சென்று அளந்தார்கள், புத்திமதி சொன்னார்கள், அழுத்தம் கூடியிருந்தவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். அந்தப் பகுதிகளில் மேல் அழுத்தம் மற்றப் பகுதிகளைவிட 5.2 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்தது. ஆளொருவருக்கான செலவு வருடத்துக்கு 11 டொலருக்கும் குறைவு. முடிவுகள் 2020 பெப்ரவரியில் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. 5 புள்ளி சிறிதாகத் தோன்றலாம். கிலோவுக்கு 5 ரூபா இலாபமும் அப்படித்தான் தோன்றும். வருட முடிவில் கூட்டிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இனி மெஷினுக்கு வருவோம். புஜத்தில் காற்றுப் பட்டியைக் கட்டும் முறையை 1896இல் இத்தாலிய வைத்தியர் ரீவா-ரோச்சி கண்டுபிடித்தார். பட்டிக்குக் கீழே காதை வைத்து நாளத்தின் ஒலியைக் கேட்கும் முறையை 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரோட்கொஃப் சேர்த்தார். எமது வைத்தியர்கள் ஸ்டெதஸ்கோப்பும் பாதரசக் குழாயும் வைத்துப் பார்த்தது இந்த முறையில்தான். பாதரசத்தின் நஞ்சு காரணமாக மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் 2020க்குப் பின் அத்தகைய மானிகளைப் புதிதாக உற்பத்தி செய்வதும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதும் பொதுவாக நிறுத்தப்பட்டன. இலங்கையும் 2017இல் அந்த உடன்படிக்கையில் இணைந்த நாடு. ஆகவே தானியங்கி மெஷின்தான் இனி சந்தை.

இந்த மெஷினுக்குக் காது கிடையாது. பட்டியின் காற்று மெல்ல இறங்கும்போது, நாளத்தின் துடிப்பு பட்டியின் காற்றைச் சிறிது சிறிதாக அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு உச்சத்துக்கு வரும் இடம் சராசரி அழுத்தம். மெஷின் உண்மையில் கண்டுபிடிப்பது அதை மட்டும்தான். எமக்குக் காட்டும் மேல் இலக்கமும் கீழ் இலக்கமும், அதிர்வின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணக்குப் போட்டுப் பெறப்பட்டவை. அந்தக் கணக்குச் சூத்திரம் ஒவ்வொரு உற்பத்தியாளரின் வியாபார இரகசியம். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பெட்டிகள் ஒரே கையில் வெவ்வேறு இலக்கம் காட்டுவதற்கு இதுவே முக்கிய காரணம். விலை வித்தியாசத்துக்கான காரணத்தின் ஒரு பகுதியும் இதற்குள்தான் இருக்கிறது.

ஆகவே இங்கே முத்திரைக்குச் சமமானது, அந்த மாதிரி சர்வதேச நியமப்படி மனிதர்களில் சோதிக்கப்பட்டதா என்ற சான்றுதான். பொதுவாகக் குறைந்தது 85 பேரில், பயிற்சி பெற்ற இரண்டு அளவையாளர்களின் அளவோடு ஒப்பிட வேண்டும். சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்கு மேல் போகக் கூடாது. இப்படித் தேறிய மாதிரிகளின் பட்டியலை ஸ்ட்ரைட் பீ.பி. என்ற சர்வதேச அமைப்பு இலவசமாக வெளியிடுகிறது. பெட்டியிலுள்ள மாதிரி இலக்கத்தை அதில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். தேடாவிட்டால் என்ன நடக்கும்? அவுஸ்திரேலியாவில் இணையம் வழியாக விற்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சான்று பெற்றவை நூற்றுக்கு ஆறு மட்டுமே. கைக்கடிகாரம் போல் அணியும் வகையில் ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தக் கடிகாரங்களைப் பிளாஸ்டிக் சாமானோடு சேர்த்துக் கொள்கலனில் இறக்கலாமா என்று என்னிடம் விசாரித்தவர்கள் உண்டு. விளையாட்டுச் சாமானாக விற்பதானால் விற்கட்டும். பிரஷர் பார்க்குமென்று சொல்லி விற்பது முத்திரையில்லாத தராசில் நிறுப்பதற்குச் சமம்.

அடுத்தது பட்டி. வாசகர்கள் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீற்றர் சுற்றளவான புஜத்துக்குரியது. எமது கடை முதலாளிகளில் எத்தனை பேரின் புஜம் அதற்குள் அடங்கும்? (கல்யாண வீட்டு பிரியாணியை நான் குறை சொல்லவில்லை.) 2023இல் அமெரிக்காவில் 195 பேரில் நடத்திய ஆய்வொன்றில், மிகப் பெரிய பட்டி தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டியைக் கட்டியபோது மேல் அழுத்தம் 19.5 புள்ளி கூட்டிக் காட்டியது. 125 இருப்பவர் 144 என்று பார்த்துவிட்டு வாழ்நாள் மருந்துக்கு ஆளாகலாம். மெலிந்த கைக்குப் பெரிய பட்டி கட்டினால் மறுபக்கம், நோய் மறைந்துவிடும். தையற்காரரின் அளவு நாடா ஒன்று கவுண்டரில் இருந்தால் இந்தப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

அளக்கும் முறையிலும் இலக்கம் ஏறி இறங்குகிறது. கையை மடியில் வைத்து அளந்தால் மேல் அழுத்தம் ஏறத்தாழ 4 புள்ளியும், பக்கத்தில் தொங்கவிட்டால் 6.5 புள்ளியும் கூடிக் காட்டுவதாக 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு கூறுகிறது. கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் படிந்து, ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் பிளேன்டீயும் சிகரட்டும் கூடாது. பேசவும் கூடாது. கல்லாவில் உட்கார்ந்து, ஒரு கையில் பட்டியும் மறு கையில் தொலைபேசியுமாக, “அந்த மூடையை இறக்கு” என்று சத்தம் போட்டுக்கொண்டே அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அன்றைய வியாபாரத்தின் அழுத்தத்தைக் காட்டும், அவருடையதை அல்ல. ஸுபஹுத் தொழுகைக்குப் பின், காலை உணவுக்கு முன், வீட்டில் அளப்பது எமக்கு வசதியான நேரம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையிலும் அவ்வாறே, ஒரு வாரம் எழுதி வையுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135க்கு 85ஐத் தொட்டால் அல்லது தாண்டினால் அந்தத் தாளோடு வைத்தியரிடம் போங்கள். மெஷினைப் பார்த்து மருந்தைத் தாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து.

இதே பட்டி நாளத்தின் நிலைமையைப் பற்றியும் துப்புச் சொல்கிறது. வயது ஏற ஏற நாளங்கள் பழைய இறப்பர் குழாய் போல் விறைக்கின்றன. அப்போது மேல் இலக்கம் ஏறும். கீழ் இலக்கம் இறங்கும். மேலிருந்து கீழைக் கழித்துப் பாருங்கள். முதியவர்களில் இந்த வித்தியாசம் 60ஐத் தொட்டால் நாள விறைப்பின் அடையாளமாக ஐரோப்பிய வைத்திய வழிகாட்டிகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு கைகளுக்கிடையே 15 புள்ளி வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தாலும் நாளத்தில் அடைப்பிருக்கக்கூடும். இதற்கு ஒரு சதமும் கூடுதல் செலவில்லை.

விறைப்பை நேரடியாக அளக்கவென்று தனி மெஷின்களும் உண்டு. துடிப்பின் அலை நாளத்தில் ஓடும் வேகத்தை அவை அளக்கின்றன. விறைத்த நாளத்தில் அலை வேகமாக ஓடும். ஹங்கேரியில் உருவான ஆர்ட்டீரியோகிராஃப் ஒரே ஒரு கைப்பட்டியால் இதைக் கணிக்கிறது. இந்தியாவின் ஹைதராபாத்தில் தயாரான பெரிஸ்கோப், இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பட்டி கட்டுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஆர்ட்சென்ஸ், கழுத்து நாளத்தை ஒலி அலையால் பார்க்கிறது. நல்ல ஆய்வுக் கருவிகள். ஆனால் “உங்கள் நாளத்தின் வயது 63” என்று வர்ணத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மறுகையால் சத்துமருந்துப் போத்தலை நீட்டும் முகாம்களுக்கு முதல் போடுமாறு யாராவது வந்தால், எனது அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. அதே பணத்துக்குச் சான்று பெற்ற சாதாரண மெஷின்கள் எத்தனை வாங்கலாமென்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இறக்குமதி செய்ய நினைப்பவர்களுக்கு: 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருத்துவ உபகரணங்கள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இறக்குமதி அனுமதியும் வேண்டும். துபாய்க்கோ சீனாவுக்கோ போய் வரும்போது பெட்டிகளைச் சாமானோடு சேர்த்து இறக்குவது இந்தத் துறையில் சரிவராது. உற்பத்தியாளரிடம் விலை கேட்கும் முன், அந்த மாதிரியின் சான்றையும் தனிப் பட்டியின் விலையையும் கேளுங்கள். பட்டி தனியாகக் கிடைக்காத மெஷினென்றால், பட்டி கிழியும் அன்று அதன் ஆயுளும் முடிந்தது. வாங்கியவர் பெட்டியோடு உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார். முதல் ஓடரிலேயே பத்து மெஷினுக்கு நான்கு பெரிய பட்டிகளாவது சேர்த்து வரவழையுங்கள்.