எரிகாயம்: முதல் 20 நிமிடங்கள் தண்ணீருக்கே

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தவர்கள் நாம். எரிகாயம் எமக்குப் புதிதல்ல. ஆனாலும் கை சுட்டவுடன் பற்பசை, பேனை மை, தேங்காயெண்ணெய் என்று தேடும் பழக்கம் இன்னமும் எம்மை விட்டுப் போகவில்லை.

நெருப்பை அணைத்த பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு உள்ளே எரித்துக்கொண்டே இருக்கும். மேலே பூசுபவை அந்தச் சூட்டை வெளியேறவிடாது. கிருமித் தொற்றுக்கும் இடமளிக்கும். காயத்தின் ஆழத்தை வைத்தியர் பார்ப்பதற்கு அவற்றைக் கழுவி அகற்றவேண்டியும் வரும்.

செய்யவேண்டியது இதுதான். சுட்ட இடத்தில் 20 நிமிடங்கள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். குழாய் இல்லையென்றால் சுத்தமான கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி, கோப்பையால் தொடர்ந்து ஊற்றுங்கள். உடனே முடியாவிட்டாலும் 3 மணித்தியாலங்களுக்குள் ஊற்றினால் பயனுண்டு. ஐஸ் வைக்கவேண்டாம், அது தோலை மேலும் பழுதாக்கும்.

வீக்கம் வருமுன் மோதிரம், காப்பு, மணிக்கூட்டைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய உடுப்பை இழுக்காதீர்கள். கொப்புளங்களை உடைக்காதீர்கள். பின்னர் சுத்தமான, பஞ்சு பிரியாத துணியால் தளர்வாக மூடுங்கள். குழந்தைகளுக்குச் சுட்ட இடத்தை மட்டும் குளிர்த்தி, மற்றப் பகுதியைப் போர்வையால் மூடிச் சூடாக வைத்திருங்கள்.

உடுப்பில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நிலத்தில் படுத்து உருளவேண்டும். அருகிலிருப்பவர் தடித்த பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதற்கு முன் அவரைத் தொடவேண்டாம்.

காயம் பாதிக்கப்பட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதென்றால், அல்லது முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் என்றால் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், மின்சாரத்தால் சுடப்பட்டவர்கள், புகையைச் சுவாசித்தவர்களும் அப்படியே. 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். ஏற்பு ஊசி போடவேண்டுமா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னுமொன்று. போரில் முள்ளந்தண்டு வடமோ நரம்போ பாதிக்கப்பட்டு உணர்விழந்தவர்கள் எம் வீடுகளில் இருக்கிறார்கள். மடியில் வைத்த தேநீர்க் கோப்பை சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. குளிக்கும் சுடுதண்ணீரை உணர்வுள்ள ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்தே கொடுக்கவேண்டும். அவர்களுக்கு நோவில்லை என்பதற்காகக் காயம் சிறிதென்று நினைக்கக்கூடாது. உணர்வுள்ளவர்களுக்கும் இது பொருந்தும்: ஆழமாக எரிந்த இடத்தில் நரம்பும் எரிந்துவிடுவதால் நோவு குறைவாகவே இருக்கும்.