பழைய லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா?

புனே நகரின் வடகிழக்கில் இருக்கிறது லோஹேகாவ். புனே விமான நிலையம் இங்கேதான் இருக்கிறது. விமானப் படைத் தளமும் இங்கேதான். 1939இல் இந்த விமானத் தளம் அமைந்தது. அப்போது லோஹேகாவ் ஒரு கிராமம். 2017இல் அது புனே மாநகராட்சியோடு சேர்ந்தது. பல மாநிலத்து மக்கள் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து குடியிருக்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பல லட்சம் பிள்ளைகள் அதில் லேப்டாப் பெற்றார்கள். அண்ணன் படித்து முடித்த பிறகு, அதே லேப்டாப்பைத் தங்கை வைத்துக்கொள்வது பல வீடுகளில் நடப்பதுதான்.

ஒரு நாள் அதில் வைஃபை வரவில்லை. மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். கடைசி நாள் நெருங்குகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "இது பழசு. புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடும். புதிய லேப்டாப் என்றால் பல ஆயிரம் ரூபாய். ஆனால் வைஃபை வராததற்குப் பெரும்பாலும் காரணம் சிறியது. சில காரணங்களைக் காசு இல்லாமலே சரி செய்யலாம்.

வைஃபை என்பது என்ன?

வைஃபை என்பது ஒரு வகை ரேடியோ. வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு ரௌட்டர் என்று பெயர். லேப்டாப்புக்குள் ஒரு சிறிய அட்டை இருக்கிறது. அதுதான் வைஃபை கார்டு. இரண்டும் ரேடியோ அலைகளால் பேசிக்கொள்கின்றன. ரேடியோ அலை சுவரையும் தாண்டும். இதை 1890களிலேயே கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் செய்து காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மணியை அவர் அலைகளால் ஒலிக்க வைத்தார்.

அலை என்றால் அதிர்வு. வைஃபையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று 2.4. அது ஒரு நொடிக்குச் சுமார் 240 கோடி முறை அதிர்கிறது. இன்னொன்று 5. அது 500 கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. 2.4 அலை அதிக தூரம் போகும். சுவரையும் நன்றாகத் தாண்டும். 5 அலை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் பலம் குறைந்துவிடும். வீட்டில் வைஃபை வைக்க யாரும் உரிமம் வாங்குவதில்லை. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 அலையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த வழி செய்தது.

லோஹேகாவில் தலைக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் பறக்கின்றன. "விமானம் போவதால்தான் வைஃபை வரவில்லை" என்று யாராவது சொல்லலாம். அது சரியல்ல. விமானிகள் தரைக்குப் பேசும் அலை ஒரு நொடிக்கு 12 முதல் 14 கோடி முறைதான் அதிர்கிறது. அந்த அலையும் வைஃபை அலையும் வேறு வேறு. வீட்டில் உள்ள மைக்ரோவேவ் அடுப்புதான் 2.4 அலைக்குத் தொல்லை தரும். அது ஓடும்போது வைஃபை மெதுவாகலாம்.

முதல் சோதனை

கையில் இருக்கும் செல்போனை எடுத்து, அதே வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். போனிலும் வரவில்லை என்றால் குறை ரௌட்டரில் இருக்கிறது. இல்லையென்றால் கட்டணம் கட்டவில்லை. லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால்தான் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

பழைய லேப்டாப்கள் சிலவற்றில் வைஃபைக்கு என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது பக்கவாட்டில் அல்லது முன்பக்க ஓரத்தில் சின்னதாக இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது நகர்ந்துவிடும். சிலவற்றில் சுவிட்ச் இல்லை. விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு விசையில் கோபுரப் படமோ விமானப் படமோ இருக்கும். குழந்தை விளையாடும்போது அதை அழுத்தியிருக்கலாம். விமானப் படம் திரையில் தெரிந்தால், வைஃபை அணைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வது. விண்டோஸ் 10 உள்ள லேப்டாப்பில் ஷட் டவுன் செய்தால் பல சமயம் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிதாகத் தொடங்கும். அதிலும் வரவில்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்ற வேண்டும். பேட்டரி கழற்றும் வகையாக இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். பிறகு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். சிக்கிக்கொண்ட கார்டு சில சமயம் இதிலேயே விழித்துக்கொள்ளும்.

பெயரே தெரியவில்லை

பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர் தெரிகிறது. நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை. இது பலரைக் குழப்பும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அம்மா கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

"தம்பி, போன்ல வருது. இதுல மட்டும் நம்ம வீட்டுப் பேரே காணோம். லேப்டாப் கெட்டுப் போச்சா?"

"இல்லக்கா. ரௌட்டர் புதுசா மாத்தினீங்களா?"

"ஆமா, போன வாரம்தான் மாத்துனாங்க."

"அப்ப லேப்டாப் மேல தப்பு இல்லக்கா. ரௌட்டர் 5ல பேசுது. உங்க லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும்."

பழைய கார்டுகள் பலவற்றுக்கு 5 அலை தெரியாது. அந்த அலையில் வரும் பெயர் அவற்றின் கண்ணில் படாது. அதனால் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. இணைப்புக் கொடுத்தவரிடம், "2.4 அலையையும் போட்டுவிடுங்கள். அதற்குத் தனிப் பெயர் வையுங்கள்" என்று கேட்க வேண்டும். போனின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துபவர்களும் இதைப் பார்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் 2.4, 5 என்று இரண்டும் இருக்கும். 2.4ஐத் தேர்ந்தெடுத்தால் பழைய லேப்டாப்பிலும் பெயர் வந்துவிடும்.

பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால், முதலில் பாஸ்வேர்டைப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. அது சரியாக இருந்தால் ரௌட்டரின் பூட்டைப் பார்க்க வேண்டும். புதிய ரௌட்டர்களில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு உண்டு. பழைய கார்டுக்கு டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும். ரௌட்டரில் பழையதையும் சேர்த்து அனுமதிக்கச் சொல்லலாம்.

கார்டைக் கணினி பார்க்கிறதா?

விண்டோஸ் 10இல் ஸ்டார்ட் படத்தின் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிவைஸ் மேனேஜர் என்பதைத் திறக்க வேண்டும். உள்ளே நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரி இருக்கும். அதன் கீழே வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற சொல் உள்ள பெயரைத் தேட வேண்டும். பெயரின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். எனேபிள் கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் குறை. டிரைவர் என்பது கார்டை எப்படி இயக்குவது என்று கணினிக்குச் சொல்லும் மென்பொருள். அந்தப் பெயரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் அதைத் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். டிரைவரையும் அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் போடக்கூடாது.

வயர்லெஸ் என்ற பெயரே அங்கே இல்லையா? அப்படியானால் கார்டு அதன் இடத்திலிருந்து தளர்ந்திருக்கலாம், அல்லது செத்துப் போயிருக்கலாம். இந்த நிலையில்தான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கடையில் விடுவதே நல்லது.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கார்டு கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஒன்றோ இரண்டோ ஸ்குரூ அதைப் பிடித்திருக்கும். தலைமுடிக் கயிறு போல மெல்லிய இரண்டு வயர்கள் அதில் மாட்டியிருக்கும். பெரும்பாலும் ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. அவை ஆன்டெனா வயர்கள். அவை கீல் வழியாக மேலே ஏறி, திரையின் ஓரத்துக்குப் போகின்றன. பல வருடம் திரையை மூடித் திறந்தால் கீலில் அந்த வயர் நைந்துவிடலாம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ரௌட்டரின் பக்கத்தில் வைத்தால் வைஃபை வரும். அடுத்த அறைக்குப் போனதும் போய்விடும். போனில் அந்த அறையிலும் நன்றாக வரும். இப்படி இருந்தால் கார்டை மாற்றிப் பயன் இல்லை. வயரைத்தான் பார்க்க வேண்டும்.

புனேயில் கடைக்காரர் இந்தியிலோ மராட்டியிலோ பேசலாம். கார்டு, வயர், டிரைவர் என்ற சொற்கள் அந்த மொழிகளிலும் அதேதான். "மூன்றில் எது குறை?" என்று கேட்கலாம். கார்டை மாற்றினால் பழைய கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்றும் முன்பே கேட்க வேண்டும். சில கம்பெனிகளின் பழைய லேப்டாப்கள் வேறு கார்டை ஏற்காது. கம்பெனி அனுமதித்த கார்டு போட்டால்தான் ஓடும்.

கார்டு செத்தே போனாலும் லேப்டாப் சாகவில்லை. யுஎஸ்பி வைஃபை என்று விரல்நுனி அளவில் ஒரு பொருள் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய். அதைப் பக்கவாட்டில் செருகினால் போதும், உள்ளே இருக்கும் கார்டு தேவையில்லை. அன்றைக்கே விண்ணப்பம் போட வேண்டுமா? போனைச் சார்ஜர் வயரால் லேப்டாப்போடு இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டால் இணையம் வயர் வழியாக வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் இது வராது.

கடைசியாக ஒன்று. வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. "பாதுகாப்பு இல்லை" என்ற எச்சரிக்கை வருகிறது. உடனே லேப்டாப்பின் தேதியைப் பார்க்க வேண்டும். பல வருடம் பின்னால் போயிருந்தால் அதுதான் காரணம். இணையப் பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர் தேதியைச் சரிபார்க்கும். தேதி தவறாக இருந்தால் திறக்காது. தேதியைத் திருத்தினால் சரியாகும். மறுநாளும் தேதி பின்னால் போனால், உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது. அது காசு போல வட்டமானது. பல லேப்டாப்களில் அது 2032 என்ற எண் உள்ளது. சிலவற்றில் வயரோடு சேர்ந்து இருக்கும். கழற்றிய பழைய பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே போல வாங்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பேட்டரியைக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் உணவுக் குழாயை அரித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.