விற்பனை வரி: பொருளாதாரத்தின் நாடி

மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து நம் உடல்நிலையைக் கூறுகிறார். ஒரு மாநிலத்தின் பொருளாதார நிலையை அறிய அத்தகைய நாடி ஏதேனும் உண்டா? உண்டு, அதுவே விற்பனை வரி. கடைவீதியில் வாணிகம் செழித்தால் வரி பெருகும். மக்கள் கையில் காசில்லையேல் வரி சுருங்கும். வேளாண்மை, தொழில் பற்றிய முழுப் புள்ளிவிவரங்கள் வெளிவரப் பல மாதங்கள் ஆகும். வரிக்கணக்கோ மாதந்தோறும் வந்துவிடும். ஆதலால்தான் பொருளியல் அறிஞர்கள் இதனைக் கூர்ந்து நோக்குகின்றனர்.

இவ்வரிக்கு நம் மாநிலமே முன்னோடி. மதுவிலக்கினால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுசெய்ய, இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அது 2007 சனவரியில் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017 சூலையில் ஜி.எஸ்.டி. என்னும் சரக்கு மற்றும் சேவை வரியாகவும் உருமாறியது. பெட்ரோல், டீசல், மது போன்ற சில பொருள்களுக்கு மட்டும் மாநில அரசின் வரி தொடர்கிறது.

நாடி பேசும் என்பதற்கு ஒரு சான்று. 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் வசூலான ஜி.எஸ்.டி. 1,13,865 கோடி ரூபாய். கொரோனா ஊரடங்கு நிலவிய 2020 ஏப்ரலில் அது 32,172 கோடி ரூபாய். ஆயினும் இவ்வீழ்ச்சி முழுவதும் வாணிகத்தின் வீழ்ச்சியன்று. கணக்குத் தாக்கல் செய்ய அரசு அளித்த கால நீட்டிப்பும் அதில் கலந்திருந்தது. எனவே நாடியைப் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, விலை. விருதுநகரில் ஒரு கடை டின் 2,000 ரூபாய் வீதம் 100 டின் எண்ணெய் விற்கிறது என்று கொள்வோம். 5 விழுக்காடு வரி 10,000 ரூபாய். விலை 2,400 ஆக உயர்ந்தால் அதே 100 டின்னுக்கு வரி 12,000 ரூபாய். வரி 20 விழுக்காடு வளர்ந்துவிட்டது. வாணிகமோ ஒரு டின்கூட வளரவில்லை!

இரண்டாவது, வரி விகிதம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அதனால் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி வருவாய் குறைந்தது என்பதற்காக வண்டிகள் ஓடவில்லை என்று கூறலாமா?

மூன்றாவது, காலம். 2022-இல் தீபாவளி அக்டோபர் 24. 2023-இல் நவம்பர் 12. பட்டாசு, துணி விற்பனையை அக்டோபரோடு அக்டோபர் ஒப்பிட்டால் கணக்கு தவறாகிவிடும்.

நான்காவது, இடம். நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில்தான் தயாராகிறது. முன்பு வெளிமாநிலத்துக்கு விற்கும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி உண்டு. அது சரக்கு புறப்படும் மாநிலத்துக்கே கிடைத்தது. ஜி.எஸ்.டி.யிலோ, மாநிலத்தின் பங்கு பொருள் நுகரப்படும் மாநிலத்துக்குச் செல்கிறது. ஜெய்ப்பூரில் வெடிக்கும் சிவகாசிச் சரவெடிக்குரிய பங்கு ராஜஸ்தானுக்கு! ஆகவே இன்றைய வரி, பொருள் எங்கே வாங்கப்பட்டது என்று சொல்லுமேயன்றி, எங்கே உழைத்துச் செய்யப்பட்டது என்று சொல்லாது.

என் தாயார் பட்டாசு ஆலைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தீபாவளிக்கு முன் விற்பனை உச்சத்தை அடையும். வரியும் அப்போதுதான் குவியும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடப்படும். மழை பெய்தால் பட்டாசைக் காயவைக்க இயலாது. வேலையில்லையேல் கூலியும் இல்லை. கடைவீதி நிறைந்திருந்ததை வரிக்கணக்கு காட்டும் மாதத்தில், எங்கள் தெருவில் அடுப்பு தயங்கி எரியும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்நாள்களில் இழந்த கூலியை மாநில வரிப் பட்டியலில் தேடினால் கிடைக்குமா?

இதனால் வரிக்கணக்கு பயனற்றது என்பது என் கருத்தன்று. நாடியோடு நாக்கையும் கண்ணையும் பார்ப்பவரே நல்ல மருத்துவர். அதுபோல் வரி வருவாயோடு விலைவாசியையும், தொழிலாளரின் வேலை நாள்களையும், கூலியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "வரி வசூல் சாதனை" என்ற செய்தியை நாளிதழில் காணும் மாணவ நண்பர்களே! எந்த விலையில், எந்த மாதத்தில், எந்த ஊரில் என்று கேளுங்கள். அக்கேள்விகளைக் கேட்கக் கற்றுத் தருவதே கல்வியின் பயன்.